ஒரு பக்கம் பிடிக்குதா?

போடியில் 27 வருடமாக ஜாக்கெட் தைக்கிறேன். கடை என்று பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின், ஒரு ஓவர்லாக், மூலையில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் ஆளுயரக் கண்ணாடி. விடியற்காலை ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களும், பள்ளிக்கூட டீச்சர்களும், கல்யாணப் பெண்களும் அந்தத் திரைக்குள் வந்து நின்றிருக்கிறார்கள். மார்பளவு எடுப்பது என் பிழைப்பு. அப்படிப்பட்ட நான், என் மார்பில் வந்த கட்டியை 41 நாள் ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

மார்பகப் புற்றுநோய் என்றாலே எல்லாரும் "மாதாமாதம் கையால் தடவிப் பாருங்கள்" என்று ஆரம்பிக்கிறார்கள். நானும் அதைச் சொல்லத்தான் போகிறேன். அதற்கு முன் இந்த 41 நாளைச் சொல்ல வேண்டும். அதற்கும் முன் என் சித்தியைச் சொல்ல வேண்டும்.

சித்தி அம்மாவின் கடைசித் தங்கை. என் முதல் மெஷினுக்குப் பாதிப் பணம் கொடுத்தவர். 2009 தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பழைய ஜாக்கெட்டைக் கொண்டுவந்து, "இடது பக்கம் பிடிக்குதுடி, கொஞ்சம் பிரிச்சு விடு" என்றார். உள்ளே விட்டிருந்த துணியில் அரை இஞ்ச் பிரித்துத் தைத்துக் கொடுத்தேன். தைப் பொங்கலுக்கு அதே ஜாக்கெட் திரும்பி வந்தது. அதே பக்கம். உள்ளே கால் இஞ்ச்தான் மிச்சம் இருந்தது, அதையும் விட்டேன்.

உடம்பு பெருத்தால் இரண்டு பக்கமும்தான் பிடிக்கும். ஒரு பக்கம் மட்டும் ஏன் என்ற கேள்வி, அந்த ஜாக்கெட்டைக் கையில் வைத்திருந்த எனக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தையல்காரிக்குத் தலை நிமிர நேரம் கிடையாது என்று பல வருடம் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்த ஆடியில் சித்தியால் மறைக்க முடியவில்லை. புண் வாடை காட்டிக்கொடுத்துவிட்டது. அதுவரை மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பத்துப் போட்டிருக்கிறார். சூட்டுக் கட்டி என்று யாரோ சொன்னார்களாம். மதுரைக்குக் கூட்டிப்போனபோது நோய் முதுகெலும்புக்குப் போயிருந்தது. 2011-ல் இறந்துபோனார். கடைசி மாதத்தில் ஒருநாள் நான் அவருக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, "உங்கிட்டதான் ரெண்டு தடவ சொன்னேனே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பேச்சோடு பேச்சாகச் சொன்னார். எப்போது சொன்னார் என்று புரிய எனக்கு ஒரு ராத்திரி ஆனது. ஜாக்கெட்டைப் பிரித்து விடச் சொன்னதுதான் அவர் சொன்னது. அதற்கு மேல் சொல்ல அவருக்கு வார்த்தை இல்லை. மாரில் கட்டி என்று வாய்விட்டுச் சொல்வதை அவர் வளர்ந்த வீட்டில் யாரும் செய்ததில்லை.

இவ்வளவும் பார்த்தவள் நான். ஆகவே எனக்கு வந்தால் மறுநாளே ஓடியிருப்பேன் என்று நினைப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2019 பிப்ரவரி. எனக்கு 42 வயது. குளிக்கும்போது சோப்பு வழுக்கிய கையில் வலது மார்பின் மேற்புறம், அக்குள் பக்கமாக ஒன்று தட்டுப்பட்டது. இந்த இடத்தில்தான் அதிகம் வருமாம், பிற்பாடு தெரிந்துகொண்டேன். உருட்டினால் நழுவவில்லை. வலியும் இல்லை. ஒரு இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று கை சொன்னது. பிற்பாடு ஸ்கேனில் 2.4 சென்டிமீட்டர் என்று வந்தது. அளவு மட்டும் தப்பவில்லை.

முதல் நாள், மாதவிலக்கு நெருங்குகிறது, அதனால் இருக்கும் என்று நினைத்தேன். அதில் தப்பில்லை. அந்த நாட்களில் மார்பு கனத்து முடிச்சு முடிச்சாக இருப்பது உண்டு. விலக்கு முடிந்தது, கட்டி போகவில்லை. அப்புறம் ஒரு கல்யாண ஆர்டர், 14 ஜாக்கெட், ஆரி வேலையோடு. அது முடியட்டும் என்றேன். அடுத்து மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. படிக்கிற பிள்ளையைக் கலங்க வைக்கக் கூடாது என்றேன். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறவர். போடிமெட்டு வளைவுகளில் வண்டி ஓட்டுகிற மனுஷனிடம் இதைச் சொல்லி, அவர் நினைப்பு எங்கேயோ போய்... இப்படி ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் கிடைத்தது. எல்லாமே அடுத்தவர் நலனுக்காகச் சொல்லிக்கொண்ட காரணம். நமக்குப் பயம் என்று மட்டும் ஒருநாளும் சொல்லிக்கொள்ள மாட்டோம்.

வலித்திருந்தால் முதல் வாரமே போயிருப்பேன். வலி இல்லாததைத்தான் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். ஆரம்பத்தில் இந்தக் கட்டி பெரும்பாலும் வலிக்காது என்பதை அன்று யாராவது என் காதில் போட்டிருந்தால் பாதி நாள் மிச்சமாகியிருக்கும்.

ராத்திரியில் எல்லாரும் தூங்கிய பிறகு தொட்டுப் பார்ப்பேன். குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா என்று. தினமும் தொட்டால் எதுவும் தெரியாது. சில நாள் இல்லாத மாதிரியே தோன்றும், நிம்மதியாகப் படுப்பேன். ஒருநாள் பழைய துணி மூட்டையில் சித்தியின் அந்த ஜாக்கெட் கிடைத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

நாற்பத்தோராம் நாள் மதினி ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தார். அண்ணன் மனைவி. திரைக்குள் அவருக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தேன். இன்ச் டேப் கையில் இருந்தபடியே, "மதினி, இங்க ஒண்ணு தொட்டுப் பாருங்க" என்று அவர் கையைப் பிடித்து வைத்தேன். ஏன் அன்றைக்கு, ஏன் அவரிடம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் அழவில்லை, ஐயையோ என்று சொல்லவில்லை. "எத்தன நாளாச்சு?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். "சரி. காலைல எட்டு மணிக்கு ரெடியா இரு" என்றார்.

உலக சுகாதார நிறுவனம் 2021-ல் மார்பகப் புற்றுநோய்க்கென ஒரு இலக்கு வைத்தது. அறிகுறியோடு முதலில் மருத்துவரிடம் வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் இன்ன நோய் என்று முடிவாகிவிட வேண்டும் என்பது அதில் ஒன்று. நல்ல இலக்குதான். அந்தக் கணக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஆரம்பிக்கிறது. வீட்டுக்குள், பரீட்சை முடியட்டும் என்று போன நாட்களை யார் எண்ணுவது?

மறுநாள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். நர்சம்மா ஒரு மறைப்புக்குப் பின்னால் படுக்க வைத்து இரண்டு மார்பையும் அக்குளையும் கழுத்தெலும்புக்கு மேலேயும் பொறுமையாகப் பார்த்தார். நிறையப் பேருக்குத் தெரியாத விஷயம் இது: 30 வயது தாண்டிய பெண்களுக்கு அங்கே மார்பையும் கருப்பை வாயையும் காசில்லாமல் பார்க்கிறார்கள். பார்ப்பவரும் பெண்தான். எங்கள் தெருவில் எத்தனையோ பேர் சர்க்கரை மாத்திரை வாங்க மாதம் தவறாமல் அங்கே போகிறார்கள். அடுத்த அறைக்கு ஒரு எட்டுப் போவதில்லை.

நர்சம்மா எழுதிக் கொடுத்த சீட்டோடு மதுரை. மேமோகிராமில் மார்பை இரண்டு தட்டுக்கு நடுவில் வைத்து அழுத்துவார்கள். வலிக்கும், சில நொடிதான். பிறகு ஸ்கேன். அதோடு ஊசிப் பரிசோதனை. மரத்துப்போக மருந்து போட்டு, கொஞ்சம் தடித்த ஊசியால் கட்டியிலிருந்து நூல் போலச் சதை எடுத்தார்கள். ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி சத்தம் வரும், அதற்குத்தான் பயந்தேன். கையால் பார்ப்பது, படம் எடுப்பது, சதை எடுத்துப் பார்ப்பது என்று இந்த மூன்றும் சேர்ந்தால்தான் முடிவு சொல்வார்கள். ஒன்றை மட்டும் வைத்து "ஒண்ணும் இல்ல, போங்க" என்று யாராவது சொன்னால் மற்ற இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

ஊசி போட்டால் கிளறிவிட்ட மாதிரி ஆகிப் பரவிவிடும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா என்னிடம் சொன்னார். எங்கள் பக்கம் எல்லாரும் நம்புவதுதான். "கத்தி பட்டா காட்டுத்தீ" என்பார்கள். உள்ளே போனதும் டாக்டரிடம் அதையே கேட்டேன். அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். முற்றிய நிலையில் வருகிறவர்களுக்கு ஊசி போட்ட கொஞ்ச நாளில் நோய் வெளிப்படையாகத் தெரியும், ஊரார் ஊசிமேல் பழி போடுவார்கள், ஊசியால் பரவுவதில்லை என்றார்.

இந்த இடத்தில் என் வாடிக்கையாளர் ஒருவருக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கும் கட்டிதான். பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில், சாதாரணக் கொழுப்புக் கட்டி என்று முதலில் ஊசிப் பரிசோதனை செய்யாமலே அறுத்து எடுத்திருக்கிறார்கள். எடுத்ததைச் சோதனைக்கும் அனுப்பவில்லை. எட்டு மாதம் கழித்து அதே தழும்பில் மறுபடி வந்தபோதுதான் புற்றுநோய் என்று தெரிந்தது. உடம்பிலிருந்து எதை அறுத்து எடுத்தாலும் அது சோதனைக்குப் போனதா, ரிப்போர்ட் எங்கே என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைக்க வேண்டாம். தைக்கக் கொடுத்த துணியில் மிச்சம் எங்கே என்று என்னிடம் கேட்பவர்கள்தானே நாம்.

பத்து நாளில் ரிப்போர்ட் வந்தது. வீட்டுக்காரரிடம் மதினிதான் சொன்னார். அவர் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குழாயை நிறுத்திவிட்டு வந்து, "என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வளைவில் வண்டி ஓட்டும்போது நினைப்பு போய்விடும் என்று பயந்தேன் என்று சொன்னேன். "சொல்லாம இருந்தா மட்டும்?" என்றார். ஆஸ்பத்திரியில் வரிசையில் எங்களுக்கு முன்னால் மார்பில் கட்டுப்போட்டு ஒரு ஆண் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவர் ஆடிப்போய்விட்டார். இந்த நோய் வருகிற 100 பேரில் ஒருவர் ஆண் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரியும்.

சித்திக்கு இருந்ததால் எனக்கு வந்ததா என்று டாக்டரிடம் கேட்டேன். பரம்பரையாக வருவது 100-க்கு 5 முதல் 10 வரைதான், வருகிறவர்களில் பெரும்பாலோர் வீட்டில் முன்னால் யாருக்கும் இருந்திருக்காது என்றார். "எங்க வம்சத்துல யாருக்கும் கிடையாது" என்று திரைக்குள் நின்று சொல்பவர்களிடம் இப்போது இதைத்தான் சொல்கிறேன். அதே சமயம், அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ, அதுவும் இள வயதில் வந்திருந்தால், டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எப்போதிருந்து, எப்படிப் பார்ப்பது என்பது அதற்குத் தகுந்தாற்போல மாறும்.

சிகிச்சையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு மாதிரி, என்னுடையது உங்களுக்கு ஒத்துவராது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்கலாம், முழு மார்பையும் எடுக்கலாம், இரண்டில் எது வேண்டும் என்று கேட்டார்கள். இரண்டு வகையினரையும் 20 வருடம் பின்தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், உயிரோடு இருப்பதில் வித்தியாசம் இல்லை என்றும் விளக்கினார்கள். நான் முழுவதும் எடுக்கச் சொன்னேன். வாரக்கணக்கில் மதுரையில் தங்கிக் கதிர்வீச்சு வாங்க வேண்டுமே என்ற கணக்கு பாதி, இருந்தால் மறுபடி வருமோ என்ற பயம் பாதி. இன்றைக்குக் கேட்டால் இன்னும் ஒரு வாரம் யோசித்திருப்பேன். அக்குளிலிருந்து எடுத்த 14 நெறிக்கட்டியில் ஒன்றிலும் நோய் இல்லை. அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒன்றாக எட்டு கீமோ. முதல் நான்கும் ரோஸ்மில்க் நிறத்தில் ஏறும், அன்றைக்குச் சிறுநீரும் அதே நிறம். முடி போனது, வந்தது. ஹார்மோனுக்கு வளர்கிற கட்டி என்பதால் டமாக்சிஃபென் மாத்திரை தினமும் ஒன்று. ஐந்து வருடம் என்று ஆரம்பித்ததைப் பத்தாக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

செலவு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எங்களிடம் ஏற்கெனவே இருந்தது. ஜீப் ஸ்டாண்டில் எல்லாரும் எடுத்தார்கள் என்று வீட்டுக்காரரும் எடுத்து வைத்திருந்தார். ஆபரேஷனும் கீமோவும் அதில் ஓடின. பக்கத்துக் கட்டில் பெண்ணுக்கு அட்டை இல்லை. வருமானச் சான்றுக்கும் பதிவுக்கும் அவள் தம்பி அலைந்ததில் அவளுக்கு ஆபரேஷன் தள்ளிப்போனது. உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்து வைக்க வேண்டிய காகிதம் அது.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது காயத்திலிருந்து ஒரு டியூபும், நீர் சேர ஒரு டப்பாவும் தொங்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும் என்றார்கள். நான் படுத்தபடியே மகளிடம் சொல்லி, தோளில் மாட்டும்படி ஒரு பருத்திப் பை தைக்கவைத்தேன். அவள் தைத்த முதல் உருப்படி அதுதான். தையல் கோணலாக இருந்தது. ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வாரம் அதேபோல ஆறு பை தைத்து வார்டுக்குக் கொடுத்தனுப்பினோம்.

எனக்குக் கவலை கை. வலது கை, கத்தரி பிடிக்கிற கை. நெறிக்கட்டி எடுத்த பக்கம் கை வீங்கலாம். அந்தக் கையில் ஊசி, ரத்த அழுத்தம் பார்ப்பது, ரத்தம் எடுப்பது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார்கள். சுவரில் விரலை ஏணி ஏறுவது போல ஏற்றுகிற பயிற்சியை ஆறு மாதம் விடவில்லை. ஏறிய உயரத்தை மார்க்கிங் சாக்கால் கோடு போட்டு வைப்பேன். அந்தக் கோடுகள் இன்னும் சுவரில் இருக்கின்றன, வெள்ளையடிக்க மனசு வரவில்லை.

எடுத்த பக்கத்துக்கு வைக்க ஆஸ்பத்திரியில் சிலிகான் பேட் பற்றிச் சொன்னார்கள். விலையைக் கேட்டுவிட்டு நானே தைத்தேன். பஞ்சு மட்டும் வைத்தால் கனம் இல்லை, ஜாக்கெட் மேலே ஏறிக்கொள்ளும், ஒரு பக்கக் கனத்தில் தோளும் இழுக்கும். கடுகு அடைத்துப் பார்த்தேன். கனம் சரியாக வந்தது. வேர்வையில் இரண்டாவது மாதமே பூசணம் பிடித்து, தாளிக்கவும் முடியாமல் தூக்கிப் போட்டேன். இப்போது உள்ளே சின்னப் பாசிமணி, சுற்றிலும் பஞ்சு, மேலே பழைய பருத்திப் புடவைத் துணி. துவைத்துக் காயவைக்கலாம். ஜாக்கெட்டுக்கு உள்ளே லைனிங் துணியில் ஒரு பை வைத்துவிட்டால் நகராது. காயம் நன்றாக ஆறிய பிறகு டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் வைக்க வேண்டும். கேட்டு வருகிறவர்களுக்குத் தைத்துத் தருகிறேன்.

சரி, கையால் பார்ப்பது. நர்சம்மா சொல்லிக்கொடுத்ததை என் பாஷையில் சொல்கிறேன்.

எப்போது என்றால், விலக்கு ஆரம்பித்த நாளிலிருந்து எண்ணி ஏழிலிருந்து பத்து நாளுக்குள். அப்போது மார்பு இளகி இருக்கும். விலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதியை வைத்துக்கொள்ளலாம். என் அக்கா பென்ஷன் வருகிற ஒண்ணாம் தேதியை வைத்திருக்கிறார், மறக்காதாம்.

முதலில் கண்ணாடி. மேலாடை இல்லாமல் கையைத் தொங்கவிட்டு ஒருமுறை, இடுப்பில் கை ஊன்றி அழுத்தி ஒருமுறை, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒருமுறை. துணியில் ஒரு இழை இழுபட்டால் அந்த இடம் சுருங்குமே, அதுபோல எங்காவது தோல் உள்ளே இழுக்கிறதா? ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாகத் தடித்திருக்கிறதா? காம்பு புதிதாக உள்ளே போயிருக்கிறதா, ஒரு பக்கம் திரும்பியிருக்கிறதா? காம்பில் ஆறாத சொறி? பிதுக்காமலே தானாகக் கசிவு, அதுவும் ரத்தம் கலந்து? சிவந்து வீங்கியிருக்கிறதா? பால் கொடுக்கிற பெண்ணுக்கு இந்த வீக்கம் பால் கட்டிக்கொண்டதாகவும் இருக்கலாம். மருந்து சாப்பிட்டும் அடங்காவிட்டால் பால்கட்டுதான் என்று விட்டுவிடக் கூடாது.

பிறகு படுத்துக்கொள்ளுங்கள். பார்க்கிற பக்கத் தோளுக்குக் கீழே ஒரு சின்னத் தலையணை, அந்தக் கை தலைக்குப் பின்னால். எதிர்க் கையின் நடு மூன்று விரல், நுனியால் குத்தாமல் விரலின் சதைப்பக்கத்தால். எல்லை என் வேலையில் நான் போடுகிற எல்லையேதான்: மேலே கழுத்தெலும்பு, கீழே பாடியின் அடிப்பட்டி, நடுவில் நெஞ்செலும்பு, ஓரத்தில் அக்குள். அதற்குள் மேலிருந்து கீழ், கீழிருந்து மேல், சாக் கோடு போடுவது போல நெருக்கமாகக் கோடு கோடாக வர வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் சின்ன வட்டமாக மூன்று அழுத்தம்: தோல் தெரிகிற மாதிரி லேசாக, சதை தெரிகிற மாதிரி நடுத்தரமாக, விலா எலும்பு தெரிகிற மாதிரி அழுத்தமாக. அக்குளை மறக்கக் கூடாது. சதையைக் கொத்தாகப் பிடித்துப் பார்த்தால் எல்லாமே கட்டியாகத்தான் தெரியும், பயந்துபோவீர்கள்.

இதில் தையல்காரியாக எனக்குத் தெரிந்த ஒன்று உண்டு. இரண்டு பக்கமும் ஒரே அளவாக உள்ள பெண்ணை நான் 27 வருடத்தில் பார்த்ததில்லை. எல்லாருக்கும் ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் இறக்கம். டாட் பிடிக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் அதைச் சரிக்கட்டுவதுதான் எங்கள் தொழில். ஆகவே கண்ணாடி முன் நின்று ஒன்று பெரிதாக இருக்கிறதே என்று அலற வேண்டாம். போன மாதம் இருந்தது போல இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் போன மாதம் எப்படி இருந்தது என்று தெரிந்திருக்க வேண்டும்.

மாதாமாதம் பார்த்திருந்தால் சித்தி பிழைத்திருப்பாரா என்று ஒருமுறை டாக்டரிடம் கேட்டேன். ஆமாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் சீனாவில் ஷாங்காய் நகரத்தில் நடந்ததைச் சொன்னார். மகள் இப்போது நர்சிங் கடைசி வருடம், அவளும் தேடிப் படித்துக் காட்டினாள். 1989-ல் ஆரம்பித்து அங்குள்ள துணி ஆலைகளில் வேலை செய்த 2,66,000-க்கும் மேற்பட்ட பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மட்டும் சுயபரிசோதனையை நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பத்து வருடத்துக்குமேல் பார்த்து 2002-ல் முடிவு வெளியிட்டார்கள். மார்பகப் புற்றுநோயில் இறந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். கற்றுக்கொண்ட பக்கத்தில் சாதாரணக் கட்டிக்கெல்லாம் பயந்து ஊசியும் கத்தியும் பட்டவர்கள் அதிகம்.

துணி ஆலைப் பெண்கள் என்றதும் என்னவோ சொந்தக்காரர்கள் கதை மாதிரி எனக்கு மனசு கனத்துவிட்டது. அப்படியானால் இது வீண்தானா? டாக்டர் மும்பையைச் சொன்னார். அங்கே 1998-ல் தொடங்கி, ஒன்றரை லட்சம் பெண்களில் ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைப் பார்த்திருக்கிறார்கள். 2021-ல் முடிவு வந்தது. நோய் முன்கூட்டியே பிடிபட்டது. 50 வயது தாண்டியவர்களில் இறப்பு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்தது. அதற்குக் கீழே உள்ள வயதில் அந்த அளவு பலன் தெரியவில்லை. மெஷின் எதுவும் இல்லை, பழகிய கை மட்டும்தான்.

ஆகவே நான் சொல்வது இப்படி. உங்கள் கையால் பாருங்கள், உங்கள் உடம்பின் அளவு உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். அதோடு நிறுத்திக்கொள்ளாமல் பழகிய கை ஒன்றிடம் காட்டுங்கள். நாற்பது தாண்டினால் மேமோகிராம் பற்றி டாக்டரிடம் பேசுங்கள். கையில் ஒன்றும் தட்டுப்படவில்லை என்பதற்காக அதைத் தள்ளிப்போட வேண்டாம். தட்டுப்படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய் இல்லை, சாதாரண நார்க்கட்டியோ நீர்க்கட்டியோதான். எது என்று விரலுக்குத் தெரியாது.

இன்னொன்று, இதை எந்த நோட்டீசிலும் நான் பார்த்ததில்லை. கட்டி ஏதும் இல்லாத இன்றைக்கே, நாளை ஒன்று தட்டுப்பட்டால் முதலில் யாரிடம் சொல்வது என்று ஒரு ஆளை முடிவு செய்துகொள்ளுங்கள். வீட்டுக்காரராகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அழாத ஆளாக, மறுநாள் காலை கூட வருகிற ஆளாக இருந்தால் நல்லது. அவரிடமும் அதைச் சொல்லிவையுங்கள். நானும் மதினியும் என் மகளும் ஒருவருக்கொருவர் அப்படிச் சொல்லிவைத்திருக்கிறோம். ஒரு வாரம்தான் கெடு. அதற்குமேல் எந்தக் கல்யாண ஆர்டரும் காரணம் ஆகாது.

திரைக்குள் அளவெடுக்கும்போது நான் பிரசங்கம் எல்லாம் செய்வதில்லை. செய்தால் அடுத்த தெரு டெய்லரிடம் போய்விடுவார்கள். மார்பளவை நோட்டில் எழுதிவிட்டு ஒரே ஒரு கேள்வி: "போன ஜாக்கெட் ஒரு பக்கம் மட்டும் பிடிக்குதா?" பத்துப் பேரில் ஒன்பது பேர் இல்லை என்று சொல்லிவிட்டுக் கழுத்து இறக்கத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

போன மார்கழியில் ஏலக்காய் எடுக்கப் போகிற ஒரு பெண் வந்தாள். 36 வயது. நான் கேட்பதற்கு முன்னாலேயே ஜாக்கெட்டை நீட்டி, "அக்கா, இந்தப் பக்கம் பிரிச்சு விடுங்க" என்றாள். கை கத்தரிக்குப் போகவில்லை. ஜாக்கெட்டை மடித்து மெஷின் மேல் வைத்துவிட்டு, எத்தனை நாளாக என்று கேட்டேன். முதலில் முறைத்தாள். அப்புறம் மூன்று மாதம் என்றாள். மறுநாள் நானே கூட்டிப்போனேன். நர்சம்மா பார்த்து ஸ்கேனுக்கு எழுதினார். நீர்க்கட்டி. ஊசியால் நீரை எடுத்துவிட்டு, ஆறு வாரம் கழித்து வந்து காட்டச் சொன்னார்கள்.

அடுத்த வாரம் சண்டைக்கு வந்தாள். "உங்க பேச்சக் கேட்டு ரெண்டு நாள் கூலி போச்சு. ஒண்ணுமே இல்ல. இப்ப பாருங்க, ஜாக்கெட்டு சரியா இருக்கு, பிரிக்கவே வேணாம்." அதைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். பொங்கலுக்குப் புதுசாக ஒன்று தைத்துத் தருகிறேன், கூலி வேண்டாம் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப லைனிங் வச்சுத் தைங்க" என்றாள்.